நாள் தள்ளிப்போனதும், அடிக்கடி பாத்ரூம் ஓடியதும்

பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். கூடவே அடிக்கடி சிறுநீர் வருகிறது என்றும் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது, விடையும் எழுதியாகிவிட்டது. எனக்கு இந்த இரண்டும் சேர்ந்து வந்தபோது வயது 21. கல்லூரியில் கடைசி வருடம். அம்மா கேட்கத் தயங்கினார். அக்கா நேராகவே கேட்டுவிட்டாள். தோழி ஒருத்தி எதுவும் கேட்காமல் ஒரு டெஸ்ட் கிட்டை வாங்கி வந்து கையில் வைத்தாள். மூன்று பேரில் உருப்படியான காரியம் செய்தது அவள்தான்.

ஏனென்றால் முதலில் பார்த்துவிட வேண்டியது அதைத்தான். இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. நாள் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் டாக்டர்கள் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், அவள் என்ன பதில் சொன்னாலும் சரி. கர்ப்பம் தரித்த ஆரம்பத்திலேயே சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தம் கூடிவிடும், சிறுநீரும் அதிகமாக உற்பத்தியாகும். அதனால் வயிறு தெரிவதற்கு வெகு முன்பே பாத்ரூம் போவது அதிகமாகும். ஆக, ஊர் போடும் கணக்கு முழுத்தப்பும் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

கிட்டைப் பயன்படுத்துவதில் இரண்டு மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் வீண் பதற்றம் மிச்சம். பீரியட்ஸ் வரவேண்டிய தேதி தாண்டிய பிறகு பார்த்தால்தான் முடிவை நம்பலாம். காலையில் போகும் முதல் சிறுநீர் நல்லது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்துப்போய், கண்டுபிடிக்க வேண்டிய ஹார்மோன் பிடிபடாமல் போகலாம். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் முடிவைப் படித்துவிட வேண்டும். வெகு நேரம் கழித்துத் தெரியும் மங்கலான கோட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கர்ப்பம் இல்லை என்று சொல்லும் ஒற்றைக் கோடு வந்தும் பீரியட்ஸ் வரவில்லை என்றால் ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு மறுபடி பார்த்தபோதும் ஒற்றைக் கோடுதான்.

கர்ப்பம் என்று சொல்லும் இரண்டு கோடு வந்து, கூடவே அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், ரத்தப்போக்கு என்று ஏதாவது இருந்தால் காத்திருக்கவே கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். கர்ப்பம் இல்லை என்று கிட் சொன்னதும் நான் முதலில் போனது பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு. பீரியட்ஸ் விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, அடிக்கடி யூரின் வருகிறது என்று சொன்ன வேகத்தில், நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எரிச்சல் இருக்கிறதா என்று கேட்கவில்லை, யூரின் டெஸ்ட்டும் இல்லை. மாத்திரை முழுவதும் தீர்ந்தது, பாத்ரூம் ஓட்டம் மட்டும் தீரவில்லை. நாள் தள்ளிப்போயிருக்கும்போது எந்த மாத்திரை எழுதினாலும், வாங்கிக்கொள்வதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் சிலவற்றைக் கர்ப்பமாக இருப்பவர்களுக்கு, முக்கியமாக முதல் மூன்று மாதங்களில், தவிர்ப்பார்கள்.

மூன்று மாதம் ஆகியும் பீரியட்ஸ் வராததால் அம்மா என்னை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனார். அவர் செய்த முதல் காரியம், "கொஞ்ச நேரம் வெளியே உட்காருங்கம்மா" என்று அம்மாவை அனுப்பியது. அப்புறம்தான் கேள்விகள். உறவு இருந்ததா, கருத்தடை மாத்திரை, ஊசி ஏதாவது உண்டா, அவசரக் கருத்தடை மாத்திரை போட்டாயா, பீரியட்ஸைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்தாயா. எல்லாவற்றையும் ஒரே குரலில், பெயர் வயது கேட்பதுபோலக் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியால் பீரியட்ஸ் அடியோடு நின்றுபோகலாம், அவசர மாத்திரை அடுத்த பீரியட்ஸை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளலாம் என்பதால் இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் வேண்டும். உங்களுடன் வந்தவரை டாக்டராக வெளியே அனுப்பவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேட்கலாம்.

பிறகு அவர் ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் பீரியட்ஸ் என்றும் மறுபக்கம் யூரின் என்றும் எழுதினார். "ரெண்டும் ஒண்ணா வந்ததால ஒரே காரணமா இருக்கணும்னு இல்ல. தனித்தனியா பார்ப்போம். கடைசியில சேர்ந்தா சேரட்டும்" என்றார். எனக்கு உதவியது அந்த மடிப்புதான். அதுவரை நான் இணையத்தில் இரண்டையும் சேர்த்தே தேடிக்கொண்டிருந்தேன். சேர்த்துத் தேடினால் கர்ப்பம், அதை விட்டால் ஏதாவது பயங்கரமான நோய், இந்த இரண்டுதான் கண்ணில் படும்.

யூரின் பக்கத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி எத்தனை தடவை என்பதல்ல, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்பது. எனக்குப் பதில் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? மூன்று நாள் அளந்து எழுதி வரச் சொன்னார். என்ன குடித்தேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மில்லி. இதற்கென்று ஓர் அளவுக் குவளையைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். முதல் நாள் அருவருப்பாக இருந்தது, அடுத்த நாளே பழகிவிட்டது. நான் எடுத்த எல்லாப் பரிசோதனைகளிலும் காசு செலவில்லாத இதுதான் அதிகம் சொல்லியது.

அளந்து பார்த்தால் விஷயம் இரண்டாகப் பிரியும். ஒன்று, போகும் ஒவ்வொரு தடவையும் நிறையப் போவது, ஒரு நாளின் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டுவது. இன்னொன்று, அடிக்கடி போனாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே வருவது, மொத்தம் சாதாரணமாகவே இருப்பது. முதல் வகையில் உடம்பே அதிகச் சிறுநீரை உற்பத்தி செய்கிறது. இரண்டாவது வகையில் உற்பத்தி சரிதான், சிறுநீர்ப்பைக்குத்தான் பொறுமை இல்லை. பெரியவர்களின் சிறுநீர்ப்பை சுமாராக 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். விழித்திருக்கும் நேரத்தில் ஏழெட்டுத் தடவை வரை போவது சாதாரணம்.

உற்பத்தியே அதிகம் என்றால் முதலில் பார்ப்பது சர்க்கரையை. ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்குச் சுமாராக 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. அது சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகமும் சேர்ந்து வருகிறது. இளம் வயதில் சர்க்கரை வராது என்று நினைத்துவிடக் கூடாது. டைப் 1 சர்க்கரை நோய் பெரும்பாலும் சிறு வயதிலும் இளம் வயதிலும்தான் வெளியே தெரியும். கட்டுக்கு மீறிய சர்க்கரை பீரியட்ஸையும் குழப்பும். வெறும் வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம், இவற்றை எட்டினால் சர்க்கரை நோய் என்பார்கள். அடங்காத தாகம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக வாங்குவது எல்லாம் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது.

கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது தொற்று. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் 4 சென்டிமீட்டர் அளவுதான், கிருமிகள் சுலபமாக உள்ளே ஏறிவிடும். போகும்போது எரிச்சல், அடக்க முடியாத அவசரம், அடிவயிற்றில் வலி, கலங்கலான அல்லது ரத்தம் கலந்த சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். குளிர் காய்ச்சலும் விலாப்பக்கம் முதுகில் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், உடனே போய்க் காட்ட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: நீர்க்கடுப்பு வந்தால் பீரியட்ஸ் நிற்காது. நின்றிருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சருக்கு மாதிரி கொடுக்கும்போது ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். எனக்கு ஒரு கோர்ஸ் முடிந்திருந்ததால், சில நாள் இடைவெளி விட்டுத்தான் எடுத்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை.

தொற்று இல்லாமலும் சிறுநீர்ப்பை படுத்தும். மலச்சிக்கல், கர்ப்பப்பையில் கட்டி, சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி எல்லாம் பக்கத்திலிருந்து அதை அழுத்தக்கூடியவை. பதற்றம் இருந்தாலும் அடிக்கடி போகத் தோன்றும். எங்கே கிளம்பினாலும் எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம் என்கிற பழக்கமும் நாளடைவில் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும். பாதி நிறைவதற்கு முன்பே அது கூப்பிட ஆரம்பித்துவிடும்.

என் மூன்று நாள் குறிப்பில் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டியிருந்தது. ஆனால் நான் குடித்தது அதற்கும் மேலே. இரவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. சர்க்கரை பார்த்ததில் சரியாகவே இருந்தது. டாக்டர் குறிப்பை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டு, "சாப்பாட்டு நேரத்துலதான் அதிகமா தண்ணியும் காபியும் குடிச்சிருக்கே. அப்போ சாப்பிட்டது எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி தாளின் மறுபக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பீரியட்ஸ் பக்கத்தைப் பற்றி என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் ஒருமனதாக ஒரு தீர்ப்பு வைத்திருந்தார்கள்: பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத சினைப்பைப் பிரச்சினை. இப்போதெல்லாம் தேதி கொஞ்சம் தள்ளினாலே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. அது பரவலாக இருப்பது உண்மைதான். ஆனால் ஸ்கேனில் தெரிவதை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. பீரியட்ஸ் ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (முகத்தில் முடி, விடாத பருக்கள், அல்லது ரத்தப் பரிசோதனை), ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மற்ற காரணங்கள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல், ஏனென்றால் அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித்தான் தெரியும். பிசிஓஎஸ் நேரடியாகச் சிறுநீரை அதிகமாக்குவதில்லை. அது இருப்பவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், அந்த வழியாக இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வரலாம். அதனால் பிசிஓஎஸ் உறுதியானவர்கள் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு முகத்தில் முடியும் இல்லை, பருவும் இல்லை. டாக்டர் தைராய்டும் புரோலாக்டினும் பார்க்கச் சொன்னார். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் பீரியட்ஸ் மாறும். புரோலாக்டின் என்பது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி வந்தாலும், வாந்திக்கும் மனநலத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் அது கூடி பீரியட்ஸை நிறுத்திவிடும். மார்பில் பால் கசிவது, விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிட்யூட்டரி பகுதியில் வரும் கோளாறுகள் அபூர்வமாக, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் குறைத்துவிடும். அப்போது இரவு பகல் பார்க்காமல் லிட்டர் கணக்கில் போகும். நான் இரவில் எழுந்திருக்கவில்லை என்பதை டாக்டர் அடிக்கோடிட்டதற்குக் காரணம் இதுதான். இன்னொரு சின்ன விஷயம்: முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவை அது பொய்யாகக் காட்ட வைக்கும்.

எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. கருமுட்டையை வெளிவரத் தூண்டும் எல்எச் ஹார்மோனும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் மட்டும் குறைவு. அப்போதுதான் டாக்டர் எடையைப் பற்றிக் கேட்டார். அந்த வருடம் நான் நிறைய இளைத்திருந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தினமும் ஓட்டம், அப்புறம் உடற்பயிற்சி, சாப்பாடு பாதிக்கும் கீழே. பசித்தால் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் பாலில்லாத காபி. தேர்வுக் காலம் என்பதால் தூக்கமும் குறைவு.

உடம்புக்கு வரவைவிடச் செலவு அதிகமாகிக்கொண்டே போனால், மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அவசரமில்லாத செலவுகளை நிறுத்த ஆரம்பிக்கும். அதன் பட்டியலில் கருமுட்டையும் ஒன்று. பிட்யூட்டரிக்குப் போகவேண்டிய சைகை குறையும், சினைப்பை சும்மா இருந்துவிடும். இதற்கு எலும்பும் தோலுமாக ஆக வேண்டும் என்பதில்லை. பார்ப்பதற்குச் சாதாரண எடையில் இருப்பவர்களுக்கும் வரும். என் இரண்டாவது அறிகுறி, பசியை அடக்கக் குடித்த தண்ணீராலும் காபியாலும் வந்தது. இரண்டுக்கும் வழி வேறு, கிளம்பிய இடம் ஒன்றுதான்.

இதில் எனக்கு இன்றும் திக்கென்று இருப்பது ஒன்று. பிசிஓஎஸ் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தால், அடுத்த அறிவுரை "எடையைக் குறை, உடற்பயிற்சி செய்" என்பதாகத்தான் இருந்திருக்கும். எடை கூடிய பிசிஓஎஸ்காரர்களுக்கு அது சரியான அறிவுரை. என் நிலையில் இருப்பவளுக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். என் நிலையில் இருப்பவர்களின் சினைப்பையிலும் ஸ்கேனில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறையத் தெரியலாம் என்பது குழப்பத்தை இன்னும் கூட்டும்.

மாத்திரை கொடுத்து பீரியட்ஸை வரவைத்துவிடுங்கள் என்று அம்மா கேட்டுப் பார்த்தார். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு, நின்றுபோனது சரியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். பிசிஓஎஸ் இருந்து மாதக்கணக்கில் வராதவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துவிடும் என்பதால் அப்படிக் கொடுப்பார்கள். எனக்குத் தேவைப்பட்டது சாப்பாடும் ஓய்வும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தே கிடந்தால் எலும்பு தேயும், இளம் வயதில் சேர்க்க வேண்டிய எலும்பு பிறகு முழுதாகச் சேராமல் போகலாம். வலியில்லை, தொந்தரவில்லை, வராவிட்டால் நிம்மதி என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் அது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் நின்றாலோ, எப்போதுமே ஒழுங்கில்லாதவருக்கு ஆறு மாதம் நின்றாலோ காரணம் பார்த்தே ஆக வேண்டும்.

ஓட்டத்தை நிறுத்தினேன். வேளைக்குச் சாப்பிடுவது முதலில் தண்டனைபோல இருந்தது, எடை ஏறுவதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அதற்கென்று ஓர் ஆலோசகரிடமும் போனேன், போனது நல்லதாயிற்று. காபியை ஒரேயடியாக விட்டால் தலைவலி பிடுங்கும் என்பதால் படிப்படியாகக் குறைத்தேன். தண்ணீர் தாகத்துக்கு மட்டும். பாத்ரூம் போகத் தோன்றினால் கால் மணி நேரம் தள்ளிப்போடுவது, அது பழகியதும் இன்னொரு கால் மணி நேரம். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி சில வாரங்களிலேயே வந்துவிட்டது. (தொற்று இருக்கும்போது இப்படி அடக்கக் கூடாது.) பீரியட்ஸுக்குத்தான் மாதங்கள் பிடித்தன. காத்திருக்கும்போது டாக்டர் சொன்ன ஓர் எச்சரிக்கையை எல்லோருக்கும் சொல்கிறேன்: பீரியட்ஸ் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். பீரியட்ஸ் இல்லையே, கர்ப்பம் வராது என்று நம்பிக் கருத்தடையை விட்டுவிடக் கூடாது.

இன்னும் வயதுக்கே வராத பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மார்பு வளர்ந்து, மாதாமாதம் அடிவயிற்றில் வலி வந்து, ஆனால் ரத்தம் வராமல், சிறுநீர் போவதில் சிரமமும் இருந்தால், கன்னித்திரை திறப்பில்லாமல் மூடியிருக்கலாம். உள்ளே ரத்தம் தேங்கிச் சிறுநீர்ப்பையை அழுத்தும், சில சமயம் சிறுநீரே போக முடியாமல் அடைத்துக்கொள்ளும். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். 15 வயது முடியும்வரை வயதுக்கு வராவிட்டாலும், 13 வயதில் மார்பு வளர்ச்சியே தொடங்காவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன் கடைசி பீரியட்ஸ் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய சில தேதிகள், கடந்த ஒரு வருடத்தில் எடை எப்படி மாறியது, சாப்பிடும் மாத்திரைகள், சத்து மாத்திரைகள், மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு இவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கச் சொல்வார்கள். என்னைப்போல ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பெரும் சோதனை. வரவேற்பில் முன்கூட்டியே சொல்லிவைத்துப் பாருங்கள், சீக்கிரம் கூப்பிடலாம்.